கதிரைத் தந்தவர் விலை கேட்கவில்லை!

"கரண்ட் வைத்தால் மூளை வெந்துபோகுமாமே, அண்ணே! மெய்தானா?"

படிப்பகத்துத் திண்ணையில் சென்ற கிழமை நம்மை நிறுத்திக் கேட்டார் ஒரு தோழர். சுமை தூக்கும் தொழிலாளி. மூட்டை சுமந்து சுமந்து தோள் காய்த்தவர். அவருடைய தமையனாருக்கு நுரையீரலில் புற்று. அது மூளையிலும் ஒரு சிறு கட்டியாக முளைத்தது. கதிர் பாய்ச்சினார்கள், கட்டி சுருங்கியது. ஓராண்டுக்கு மேல் கடைத்தெருவுக்குப் போனார், பேரனைத் தூக்கினார், பந்தியிலே உட்கார்ந்து உண்டார். பிறகு ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட இடக்கை வரவில்லை. தலைவலி, தள்ளாட்டம். படம் எடுத்தார்கள். கட்டி இருந்த அதே இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம். "திரும்பிவிட்டது போலிருக்கிறது" என்று ஒரு சொல் அங்கே உதிர்ந்தது. அந்த ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தார்கள்; வீடே சாவு வீடாயிற்று. "எல்லாம் கரண்ட் வைத்ததால் வந்த வினை, வைக்காமலே விட்டிருக்கலாம்" என்று உறவினர் கூடி ஒப்பாரி வைக்கிறார்களாம்.

திரும்பி வந்தது புற்றா? அல்லது கதிர் சுட்ட காயமா? இந்தக் கேள்வியை அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில், மூளை வெந்துபோகும் என்பது புரளி. மின்சாரம் வேறு, கதிர் வேறு. 'கரண்ட்' என்பது மக்கள் வைத்த பெயர், இருந்துவிட்டுப் போகட்டும். மூளைக் கட்டிக்குக் கதிர் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் காயம் வருவதில்லை. கதிர் வேண்டாமென்று ஓடியவன் புற்றின் வாயில் போய் விழுகிறான். ஆனால் புரளிக்குள்ளே ஒரு துளி உண்மை உண்டு. அந்தத் துளியை மறைத்தால் புரளிதான் கொழுக்கும். ஆகவே, உள்ளதைச் சொல்லிவிடுகிறோம்.

கதிர் கட்டியைக் கொல்லுகிறது. கட்டியைச் சுற்றி இருக்கின்ற நல்ல சதைக்கும் அதன் வெப்பு கொஞ்சம் பட்டே தீரும். அங்கே முதலில் அடிபடுவது நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவர். அடிபட்ட அன்றே அது அழுவதில்லை! மாதங்கள் கழித்து, சிலருக்கு ஆண்டுகள் கழித்து, குழாய் அடைகிறது. அந்தப் பகுதி பிராணவாயுவுக்கு ஏங்குகிறது. சதை சாகத் தொடங்குகிறது. ஏங்குகின்ற மூளை சும்மா இருக்குமா? "இரத்தம் அனுப்பு! புதுக் குழாய் போடு!" என்று கூக்குரல் இடுகிறது. அந்தக் கூக்குரலைச் சுமந்து செல்லும் ஒரு புரதம் உண்டு. குழாய் வளர்க்கும் புரதம் என்று வைத்துக்கொள்வோம். அதன் தூதைக் கேட்டு அவசரம் அவசரமாகப் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. எப்படிப்பட்ட குழாய்கள்? தேர்தலுக்கு முதல் நாள் இரவு நகராட்சி போட்ட தண்ணீர்க் குழாய் போல! இணைப்பெல்லாம் ஒழுக்கு. நீர் கசிகிறது, மூளை வீங்குகிறது. கால் வீங்கினால் வேட்டியைத் தளர்த்திக் கட்டலாம். மண்டை ஓட்டைத் தளர்த்த முடியுமா? மூடிய பெட்டிக்குள் வீங்கிய சதை பக்கத்துச் சதையை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட இடத்துக்கும் இரத்தம் குறைகிறது. அதுவும் கூக்குரல் இடுகிறது. கசிவு வீக்கத்தையும், வீக்கம் கசிவையும் வளர்க்கின்றன.

இதைத்தான் கதிர்வழி மூளைத்திசு அழிவு என்கிறார்கள்.

கொடுமை என்னவென்றால், படத்திலே பார்த்தால் இதுவும் புற்றும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் வெள்ளை வளையமாகவே தெரியும். இரண்டும் தலைவலி தரும். இரண்டும் வலிப்புத் தரும். ஒரே ஒரு படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவது தேர்ந்த மருத்துவருக்கே கடினம். அதனால்தான் பழைய படங்களையெல்லாம் வரிசையாக வைத்து ஒப்பிடுகிறார்கள். எம்.ஆர்.ஐ. கருவியிலேயே அந்த இடத்தின் இரத்த ஓட்டத்தை அளக்கிறார்கள். புற்று பெரும்பாலும் இரத்தத்தை மிகுதியாகக் குடிக்கும், செத்த சதை குடிக்காது. பெட் படம் எடுக்கிறார்கள். அதிலும் ஐயம் தீராவிட்டால் ஒரு துணுக்கை எடுத்து நுண்ணாடியில் வைக்கிறார்கள். சில வேளைகளில் புற்றும் காயமும் ஒரே இடத்தில் கலந்தே கிடப்பதும் உண்டு. எளிய வேலை அல்ல, ஒப்புக்கொள்கிறோம். எளிதல்ல என்பதற்காகக் கேட்காமலே இருந்துவிடுவதா? காயத்தைப் புற்று என்று எண்ணி மீண்டும் கதிர் பாய்ச்சினால் என்ன ஆகும்? அல்லது, "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று கைகழுவினால், பிழைக்க வேண்டிய ஓர் ஆளை உயிரோடு வழியனுப்பியதாக ஆகாதா?

சரி, காயம்தான் என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது?

சிலருக்கு ஒன்றும் செய்யாமல் காத்திருந்தாலே ஆறுகிறது. தொல்லை தராத சிறு காயமென்றால் மாதக்கணக்கில் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தொல்லை தந்தால் முதலில் கைகொடுப்பது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. விலை மலிவு; ஏழைக்கு எட்டும். வீக்கத்தை விரைந்து வடிக்கும். படுத்துக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார்! ஆனால் நாள் நீண்டால் அந்த நண்பனே கடன்காரனாகிறான். சர்க்கரை ஏறும், முகம் உப்பும், உறக்கம் கெடும், எலும்பு இளைக்கும், கிருமி எளிதில் தொற்றும். தொடைச் சதை கரைந்து, உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாத நிலை வரும். மூட்டை தூக்கிப் பிழைப்பவனுக்குத் தொடை போனால் தொழில் போயிற்று. அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது, அது பெருந்தீங்கு. மருத்துவர் சொற்படி மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

அறுவை செய்து அழுகிய பகுதியை அகற்றலாம். இடம் வசதியாக இருந்தால். மண்டையில் சிறு துளையிட்டு, மெல்லிய இழை வழியாக லேசர் ஒளியைச் செலுத்தி, எம்.ஆர்.ஐ. காவலிலே அந்தக் காயத்தைச் சுடும் முறையும் வந்துவிட்டது. அழுத்தமூட்டிய அறையிலே தூய பிராணவாயுவைச் சுவாசிக்க வைக்கும் முறையும் உண்டு. சிலருக்குப் பயன்பட்டதாகச் சொல்லுகிறார்கள், உறுதியான சான்று குறைவு. நாம் பேச வந்தது இவற்றைப் பற்றியல்ல. ஒரு மருந்தைப் பற்றி.

குழாய் வளர்க்கும் புரதம் என்றோமே, அதை 1989இல் அமெரிக்காவின் ஜெனென்டெக் நிறுவனத்தில் இனங்கண்டவர்களில் முதன்மையானவர் நெப்போலியோன் ஃபெராரா என்ற இத்தாலிய அறிஞர். அந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் மருந்தே பெவாசிசுமாப், கடைப்பெயர் அவாஸ்டின். பெருங்குடல் புற்றுக்கென 2004இல் அமெரிக்க அரசு ஒப்புதல் தந்தது. கட்டிக்கு இரத்தம் போகும் வழியை அடைத்துப் பட்டினி போடுவது அதன் வேலை.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை. அங்கே மூளைக் கட்டிக்கு இதைக் கொடுத்துப் பார்த்தவர்கள் 2007இல் ஒன்றைக் கண்டார்கள். கதிர்க்காயம் இருந்த எட்டுப் பேருக்கும் இந்த மருந்துக்குப் பின் வீக்கம் வடிந்திருந்தது! விக்டர் லெவின் என்ற மருத்துவரும் தோழர்களும் அதோடு விடவில்லை. 14 பேரை வைத்துச் சோதனை நடத்தி 2011இல் வெளியிட்டார்கள். ஒரு சாராருக்கு மருந்து, மறு சாராருக்கு வெறும் நீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. நீர் பெற்றவர்களில் ஒருவருக்கும் குணம் தெரியவில்லை. மருந்து பெற்ற அத்தனை பேருக்கும் தெரிந்தது. நீர் பெற்றவர்களுக்குப் பின்னர் மருந்தைக் கொடுத்தபோது அவர்களும் தேறினார்கள். பதினான்கு பேர்தானே என்பீர்கள். உண்மை. சிறு சோதனைதான்.

பெரிய சோதனை நடந்த இடம் தென் சீனத்தின் குவாங்டாங். ஏன் அங்கே? மூக்குக்குப் பின்னே, தொண்டைக்கு மேலே வருகிற ஒரு புற்று அந்த மண்ணின் சாபக்கேடு. உலகிலே வேறெங்கும் அவ்வளவு இல்லை. ஒரு கிருமியும், பிறப்பு வழியும், குழந்தைப் பருவம் முதல் உண்ணும் உப்பிட்ட மீனும் காரணம் என்பார்கள். கத்தி நுழைய முடியாத மூலை அது. ஆகவே கதிர்தான் கதி. கதிரால் பல்லாயிரவர் பிழைத்தார்கள். ஆனால் அந்த மூலைக்கு நேர் மேலே, இருபுறமும், மூளையின் பொட்டுப்பகுதி இருக்கிறது. நினைவு குடியிருக்கும் வீடு அது. புற்றை வென்று ஆலைக்கும் வயலுக்கும் திரும்பியவருக்குச் சில ஆண்டுகள் கழித்து நினைவு நழுவுகிறது. காரணமின்றிச் சினம் வருகிறது. இல்லாத நாற்றம் மூக்கில் அடிக்க, கண் நிலைகுத்தி நிற்கிறார். (இங்கே நம்மூராக இருந்தால் வேப்பிலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள், அது ஒருவகை வலிப்பு என்று சொல்ல ஆள் வேண்டும்.)

குவாங்சௌ நகரில், சன்யாட்சென் பெயர் தாங்கிய மருத்துவமனையை மையமாகக் கொண்டு, இப்படிப்பட்ட 112 பேரின் முடிவுகள் 2018இல் வெளிவந்தன. 58 பேருக்குப் பெவாசிசுமாப், 54 பேருக்கு ஸ்டீராய்டு. மருந்துக்குப் பணிந்தவர்கள் முதல் அணியில் நூற்றுக்கு 65.5, இரண்டாம் அணியில் 31.5. இரு மடங்குக்கு மேல்! அதுவும் வாழ்நாளெல்லாம் ஏற்றிய மருந்தல்ல. இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாக நான்கே முறை.

தேவாமிர்தம் என்று நாம் சொல்லவில்லை. செத்த சதை உயிர்க்காது. நிறுத்திய பின் வீக்கம் மீண்டும் தலைதூக்குவது உண்டு. இரத்தம் உறையலாம், கசியலாம், இரத்த அழுத்தம் ஏறலாம், அறுவைப் புண் ஆறாமல் போகலாம்; ஹூஸ்டன் சோதனையிலேயே சிலருக்கு உறைவு வந்தது. எல்லோருக்கும் ஏற்றது அல்ல. ஆனாலும், ஸ்டீராய்டு கைவிட்டவனுக்கு ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியை ஏழை பற்ற முடிகிறதா? அங்கேதான் நம்முடைய வழக்கு.

எந்த நோய்க்கு எந்த மருந்து என்று அரசு ஒப்புதல் தந்த பட்டியல் ஒன்று உண்டு. அமெரிக்க ஒப்புதலில் பெவாசிசுமாபுக்குக் குடல் புற்று இருக்கிறது, நுரையீரல் புற்று இருக்கிறது, வேறு பலவும் இருக்கின்றன. கதிர்க்காயம் இல்லை. மருத்துவர் தம் பொறுப்பில் எழுதித் தரலாம், தடையில்லை. ஆனால் பணம் கட்ட வேண்டிய காப்பீட்டுக்காரன் பட்டியலைப் புரட்டுகிறான். "உன் நோய் இதில் இல்லையே!" என்கிறான். ஏன் சேர்க்கவில்லை? சேர்க்க வேண்டுமென்றால் நிறுவனம் பெருஞ்செலவில் பெருஞ்சோதனை நடத்திக் கேட்க வேண்டும். காயம் பட்டவர்கள் சிலர். அவர்களுக்குத் தேவையோ நான்கைந்து ஊசிகள். இதில் என்ன இலாபம்? இலாபமில்லாத இடத்துக்கு எந்த வணிகன் கடை விரிப்பான்!

வணிகன் பட்டியலை எப்படிப் பார்க்கிறான் என்பதற்கு இதே மருந்தின் இன்னொரு கதையைச் சொல்லுகிறோம். முதியோரின் கண்ணில் விழித்திரையின் கீழே கசிவுக் குழாய்கள் முளைத்துப் பார்வை போகும் நோய் உண்டு. அதற்கென்று லூசென்டிஸ் என்ற தனி மருந்து விற்கப்பட்டது. அமெரிக்காவில் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 2,000 டாலர். கண் மருத்துவர்கள் அவாஸ்டினையே சிறு சிறு பங்காகப் பிரித்துப் போட்டார்கள், அதுவும் கேட்டது. விலை? ஏறத்தாழ 50 டாலர்! அமெரிக்க அரசின் செலவில் நடந்த ஒப்பீடு, இரண்டும் பார்வைக்குச் சமமான பயன் தருகின்றன என்று 2011இல் சொல்லியது. இத்தாலியில் என்ன நடந்தது? மலிவு மருந்து கண்ணுக்கு ஆபத்து என்று அச்சத்தைப் பரப்ப இரு நிறுவனங்கள் கூடிப் பேசின என்று அந்நாட்டுப் போட்டி ஆணையம் 2014இல் முடிவு கட்டி, ரோஷ், நோவார்ட்டிஸ் ஆகிய இரண்டுக்கும் சேர்த்து 18 கோடி யூரோவுக்கு மேல் தண்டம் விதித்தது. நிறுவனங்கள் மறுத்தன, வழக்காடின. 2019இல் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றமும் தண்டத்தை உறுதி செய்தது. ஆக, மருந்து இரண்டு, பார்வைக்குப் பயன் ஒன்றே. பட்டியலில் எந்த வரியில் எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து விலை நாற்பது மடங்கு!

விலை ஏறிய இடத்தில் திருடனும் வருவான். 2012இல் அமெரிக்கச் சந்தையிலேயே போலி அவாஸ்டின் புகுந்தது. குப்பியிலே மருந்து துளியும் இல்லை. செல்வத் திருநாட்டிலேயே இந்தக் கதி.

இப்போது கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1895 நவம்பரில், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில், ராண்ட்ஜன் என்ற பேராசிரியர் ஒரு புதுக் கதிரைக் கண்டார். காப்புரிமை எடுத்திருந்தால் கோடீசுவரர் ஆகியிருப்பார். எடுக்க மறுத்தார். 1901இல் வந்த நோபல் பரிசுப் பணத்தையும் தம் பல்கலைக்கழகத்துக்கே தந்தார். 1898இல் ரேடியத்தைக் கண்ட கியூரி தம்பதிகளும் அதைப் பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. வெயிலும் மழையும் ஒழுகிய கொட்டகையிலே கருங்கல் தாதுவைக் காய்ச்சிய அந்த அம்மையார், 1934இல் இரத்தம் வற்றும் நோயால் மாண்டார். கதிரே காரணம் என்பர். கதிரைத் தந்தவர்கள் விலை கேட்கவில்லை. அவர்களில் ஒருவர் உயிரையே விலையாகத் தந்தார். அந்தக் கதிர் சுட்ட காயத்துக்கு மருந்து கேட்டால், ஏழையின் முன் பட்டியலை நீட்டுவதா?

"நிறுவனம் பணம் போட்டுத்தானே மருந்தைக் கண்டது? நாளை யார் கண்டுபிடிப்பார்கள்?" என்று கேட்பார் சிலர். போட்டார்கள், எடுத்தும்விட்டார்கள். காப்புரிமைக் காலமும் முடிந்தது. ஐதராபாத் நிறுவனம் ஒன்று 2016இலும், பெங்களூர் நிறுவனம் ஒன்று 2017இலும் இதற்கு ஒப்பான மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தன, பிறரும் தொடர்ந்தார்கள். பழைய சாக்கு இனிச் செல்லாது. விலை இறங்க வழி பிறந்துவிட்டது. பட்டியல்தான் இன்னும் குறுக்கே நிற்கிறது.

ஆகவே நாம் கேட்பது பெரிய வரம் அல்ல. புற்றுக்குக் கதிர் பாய்ச்சப் பணம் கட்டும் எந்த அரசும், எந்தக் காப்பீடும், அந்தக் கதிர் சுட்ட காயத்தைப் புது நோய் என்று எண்ணாதிருக்கட்டும். அது அதே சிகிச்சையின் மிச்சக் கணக்கு. வீடு கட்டக் கடன் கொடுத்துவிட்டுக் கூரைக்கு மட்டும் இல்லை என்பவனை என்னவென்று சொல்வது? ஆராய்ந்து, காயம்தான் என்று தெளிந்து, ஸ்டீராய்டு போதாதென்று மருத்துவர் எழுதினால், அந்த நான்கு ஊசியும் பொது மருத்துவமனையில் காசின்றிக் கிடைக்க வேண்டும். இரத்த ஓட்டம் அளக்கும் படமும் அப்படியே. அதில்லாமல் காயமா புற்றா என்று சோழி உருட்டியா பார்ப்பது?

சுமைத் தோழரிடம் இத்தனையும் சொல்லவில்லை. சுருக்கமாகத்தான் சொன்னோம். முதல் நாள் முதல் எடுத்த படங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று கேட்டோம். அண்ணியார் ஒன்றுவிடாமல் பரண்மேல் பாதுகாத்து வைத்திருக்கிறாராம். எந்த நாளில் எவ்வளவு கதிர் என்ற சீட்டும் இருக்கிறதாம். அத்தனையும் எடுத்துக்கொண்டு, கதிர் கொடுத்த மருத்துவரிடமே போய், "ஐயா, இது புற்றா, கதிர்க்காயமா? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று பணிவாகவும் விடாமலும் கேட்கச் சொன்னோம். காயம்தான் என்று நாம் உறுதி தரவில்லை, புற்றாகவும் இருக்கலாம். மாத்திரையை நிறுத்தாதீர் என்றும் சொன்னோம்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார் தோழர். விடியற்காலை வண்டிக்கே கிளம்புவதாகச் சொல்லிவிட்டு, இரண்டடி நடந்தவர் திரும்பி வந்தார். "கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், அண்ணே. அங்கே போனால் நாக்கு எழாது" என்றார். எழுதிக் கொடுத்தோம்.